துரு அடைத்திருந்த ஓட்டை

டேங்கியின் அடியில் இருந்த பிளக்கைக் கழற்றியதும் முதலில் வந்தது டீசல் இல்லை, தண்ணீர். டீத்தண்ணி நிறத்தில் ஒரு சொம்பு அளவு. அதற்குப் பின்னால் கறுப்பாகக் கூழ் மாதிரி ஒன்று இறங்கியது. கடைசியில்தான் டீசல் வந்தது, அதுவும் எண்ணெய்ச் சட்டியின் அடி மண்டி போலக் கலங்கி. அம்மா குனிந்து அந்தப் பழைய பெயிண்ட் வாளிக்குள் பார்த்தாள்.

"நாலு வருசத்து அழுக்கு இல்ல பாப்பா இது. நாப்பது வருசத்துது."

எனக்கு வயது நாற்பத்தாறு. அரசுப் பள்ளியில் வேதியியல் சொல்லித் தருகிறேன். இரும்பு துருப்பிடிப்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர்: மூன்றும் சேர்ந்தால் துரு. ஆனால் அன்றுதான் முதல் முறையாக ஒரு ஸ்பேனரைக் கையில் பிடித்து, துரு ஏறிய ஒரு போல்ட்டைத் திருப்பினேன். எங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு லாரி நின்று வளர்ந்தவள் நான்.

அது பழைய டாடா-பென்ஸ் வண்டி, 1967 மாடல். டெல்கோ கம்பெனி 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. ஒப்பந்தம் 1969இல் முடிந்தது. அதற்கு முந்தைய வண்டி என்பதால் எங்களுடையதன் மூக்கில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. அப்பா 1984இல் அதைப் பழைய வண்டியாக வாங்கினார். திருச்செங்கோட்டில் பாடி கட்டி, கரும்பு ஏற்ற ஆரம்பித்தார். சீசனில் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு. சீசன் இல்லாத மாதங்களில் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கும் கடுக்காயும் கீழே இறக்குவார்.

வண்டிக்கு முன்பணம் அம்மாவின் நகை. தாலிக்கொடி, வளையல், தோடு எல்லாம் சேர்த்து எட்டு பவுன். அடகு வைத்தது மீட்கப்படவில்லை, மூழ்கிவிட்டது. அம்மா அதற்குப் பிறகு மஞ்சள் கயிறுதான் கட்டியிருந்தாள். இதை யாரும் எங்கள் வீட்டில் மறைக்கவில்லை. "ஒங்கம்மா நகையிலதான் இந்த வண்டி" என்று அப்பாவே நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அத்தோடு முடிந்தது.

எங்கள் ஊர் ரிஷிவந்தியம். ஊர்ச் சாமி அர்த்தநாரீஸ்வரர். தேன் அபிஷேகம் செய்யும்போது லிங்கத்தில் பாதி ஆண், பாதி பெண் உருவம் தெரியும் என்பார்கள், அதைப் பார்க்க வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அப்பா தன் வண்டியின் முகப்பிலும் 'ஸ்ரீ அர்த்தநாரீஸ்வரர் துணை' என்றுதான் எழுதியிருந்தார். சாமி பாதி பெண். முன்பணம் முழுக்கப் பெண். ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் முழு ஆண்.

அந்த வண்டியில் ஏற எனக்கும் அம்மாவுக்கும் அனுமதி இல்லை. தீட்டு என்று ஒரு காரணம். பெண் ஏறினால் லோடு கிடைக்காது என்று இன்னொரு காரணம். கேபினுக்குள் சாமி படம் இருந்தது, அது மூன்றாவது. என் அண்ணன் பத்து வயதிலேயே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பான். ஆயுத பூஜை அன்று மட்டும் அம்மா வண்டியைத் தொடுவாள். முகப்பைக் கழுவி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டிவிட்டு இறங்கிவிடுவாள். மற்ற நாட்களில் அவளுக்கு வண்டி என்றால் டிரைவருக்கும் கிளீனருக்கும் சோறு, எண்ணெய்க் கறை படிந்த கைலிகள், டீசல் கணக்கு எழுதிய நாற்பது பக்க நோட்டு.

(எழுதும்போதுதான் கவனிக்கிறேன். அப்பாவுக்கு 'ஆர்' போடுகிறேன், அம்மாவுக்கு 'ஆள்' போடுகிறேன். வீட்டில் பேசியது அப்படி. இப்போது மாற்றினால் அது எங்கள் வீடாகத் தெரியாது. அதனால் மாற்றவில்லை, ஆனால் கவனித்துவிட்டேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.)

2020இல் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. வண்டி புளியமரத்தடியில் நின்றது. 2022இல் அவர் இறந்தார். அதற்கு அப்புறமும் இரண்டு வருடம் வண்டி அங்கேயே நின்றது, கோழிகள் அதற்கடியில் முட்டை போட்டன. பிறகு ஒருநாள் அண்ணன் காயலான் கடைக்காரரை அழைத்து வந்தான். விலை பேசி முடித்துவிட்டு ஒரு தாளை நீட்டினான். "யம்மா, இதுல ஒரு கையெழுத்து போடு. நீயும் போட்டுடும்மா" என்று என்னைப் பார்த்தான். அண்ணன் கெட்டவன் இல்லை. அம்மாவுக்கு மாத்திரை வாங்கித் தருவது அவன்தான். அவனுக்கு அது வெறும் தாள்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் தெளிவாக இருக்கிறது. உயில் எழுதாமல் இறந்த ஆணின் சுய சம்பாத்தியம் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அப்பாவின் தாயும் இல்லாததால் எங்கள் மூன்று பேருக்கும் மூன்றில் ஒன்று. நிலம் என்றால் இதைப் பற்றி ஊரில் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். லாரி, டிராக்டர், போர் மோட்டார் என்று வந்தால் யாரும் பங்கைப் பற்றி நினைப்பதே இல்லை. இரும்பு ஆணுக்குச் சொந்தம் என்பது எழுதப்படாத சட்டம்.

நான் அம்மாவிடம் கேட்டேன். "உனக்கு என்ன வேணும்மா?"

அவள் யோசித்தாள். அந்தக் கேள்வி அவளுக்குப் புதிது என்பது யோசித்த நேரத்திலேயே தெரிந்தது. "ஒரு தடவ ஓடுறத பாக்கணும். முன் சீட்டுல ஒக்காந்து பாக்கணும். அப்புறம் வித்துக்கோங்க."

பகண்டை கூட்ரோட்டிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டி வந்தேன். இந்த வகை இன்ஜினில் சிறு வயதிலிருந்து கை வைத்தவர். பேட்டரியும் ஆயிலும் மாற்றினார். ஒரு ஐந்து லிட்டர் கேனில் புது டீசல் ஊற்றி, கேபினில் தொங்கவிட்டு, அதிலிருந்து நேராக ஃபீடு பம்புக்கு டியூப் கொடுத்தார். நாலைந்து தடவை செல்ஃப் அடித்ததும் வண்டி கரும்புகை கக்கி ஓடத் தொடங்கியது. கோழிகள் பறந்தன. பிறகு அந்த டியூபை எடுத்துவிட்டு வண்டியின் சொந்த டேங்கியிலிருந்து வரும் பைப்பை மாட்டினார். இரண்டே நிமிடம். இருமி நின்றுவிட்டது.

"இன்ஜின் நல்லா இருக்குது டீச்சர். டேங்கிதான் செத்துப்போச்சு" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குத் தெரிந்த வேதியியலோடு சேர்த்துச் சொல்கிறேன். பாதி காலியாக நிற்கும் இரும்பு டேங்கியின் மேல்பாதியில் காற்று இருக்கும். பகலில் சூடாகி, இரவில் குளிரும்போது அந்தக் காற்றில் உள்ள ஈரம் சுவரில் வியர்த்துச் சொட்டும். டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் போய்த் தங்கும். அடியில் துரு பிடிக்கும். தண்ணீரும் டீசலும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து அந்தக் கறுப்புக் கூழை உண்டாக்கும். வண்டி ஓடும்போது ஃபீடு பம்பு உறிஞ்சும் வேகத்தில் துருச் செதில்கள் பைப்பின் வாய்க்கு வந்து அடைக்கும். வண்டி நிற்கும். நின்றதும் உறிஞ்சுவது நின்றுவிடுகிறது, அடைத்த செதில் தானாகக் கீழே விழுகிறது. பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் கிளம்பும். மேடு ஏறும்போது டீசல் அதிகம் தேவைப்படுவதால் மறுபடி அடைக்கும்.

இதைக் கேட்டதும் அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா சொல்லும் பழைய கதை இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை ஏறும்போது வளைவுக்கு வளைவு வண்டி நின்றுபோகும். இறங்கி, ஒரு பீடி குடித்து, மலைச்சாமியைக் கும்பிட்டுவிட்டு மறுபடி எடுத்தால் கிளம்பும். "சாமிக்கு நம்ம மேல கோவம்" என்பார் அப்பா. ஒருமுறை, அந்தப் பயணத்துக்கு முந்தின நாள் அம்மா விலக்காகியிருந்தபோது தெரியாமல் கேபின் படியைத் தொட்டுவிட்டாள் என்று தெரிந்து, இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தார்.

"அப்ப அது நான் தொட்டதால இல்ல" என்றாள் அம்மா.

"இல்லம்மா. துரு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

டேங்கியைக் கழற்றி இறக்க ஒரு நாள் ஆனது. ஃபுளோட்டையும் பைப்பையும் எடுத்துத் தனியே வைத்தோம். முதலில் காஸ்டிக் சோடா கரைத்த சுடுதண்ணீரால் பிசினும் எண்ணெயும் போகக் கழுவ வேண்டும். அதற்குக் கையுறையும் கண்ணாடியும் பள்ளி ஆய்வகத்தில் பழகிய பழக்கத்தில் நானே வாங்கி வந்தேன். சோடாத் தண்ணீரைக் கொட்டி, பல தடவை அலசினோம். அடுத்தது செதில்களை உதிர்க்க வேண்டும். பழைய சங்கிலியைத் துண்டுகளாக உள்ளே போட்டுக் குலுக்கச் சொன்னார் மெக்கானிக் அண்ணன். அவ்வளவு பெரிய டேங்கியை யார் குலுக்குவது என்று நான் முழித்தேன். அம்மா இரண்டு தாம்புக் கயிற்றை எடுத்து வந்து புளியமரக் கிளையில் தூளி கட்டினாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் அவர் மருமகளும் வந்தார்கள். நாலு பேரும் முறை வைத்து ஆட்டினோம். உள்ளே சங்கிலி ஓடும் சத்தம் தெரு முனை வரை கேட்டது. "இந்தப் புள்ள தூங்காது போலருக்கே" என்று பெரியம்மா சொல்ல, அம்மா அப்பா இறந்த பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

செதில் உதிர்ந்த பிறகும் சுவரில் ஒட்டிய துரு இருந்தது. "பித்தள கொடத்துக்குப் புளி போடுறோமே, இதுக்குப் போட்டா என்னா?" என்றாள் அம்மா. சரியான கேள்வி. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். இரண்டுமே துருவில் உள்ள இரும்பைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். ஆனால் புளிச்சக்கை டேங்கிக்குள் தங்கினால் அதுவே அடைப்பாகிவிடும். அதனால் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை, இருபது லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ என்று கரைத்து ஊற்றி இரவு முழுக்க விட்டோம். மூடியை இறுக்கவில்லை. அமிலம் இரும்பைத் தொட்டால் கொஞ்சம் ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் நெருப்பும் கூடாது. காலையில் தண்ணீர் பச்சை கலந்த பழுப்பாக இருந்தது. கொட்டிவிட்டுச் சமையல் சோடா கரைத்து அலசினோம், மிச்ச அமிலம் அடங்குவதற்கு. பிறகு நல்ல தண்ணீர், பிறகு சித்திரை வெயில். காய்ந்ததும் தாமதிக்காமல் டீசல் ஊற்றிச் சுழற்ற வேண்டும். சுத்தமான இரும்பு ஈரக் காற்று பட்டால் சில மணி நேரத்திலேயே மறுபடி சிவக்கும்.

டேங்கியைத் தாங்கும் பட்டைகளுக்கு அம்மா கடுக்காய்க் கஷாயம் தடவினாள். அது மலையிலிருந்து அப்பா கொண்டுவரும் மூட்டைகளில் சிந்தியதைச் சேர்த்து வைத்து அவள் பழகிய வித்தை, அரிவாள்மணைக்குச் செய்வாள். கடுக்காயின் டானின் துருவோடு சேர்ந்து கறுப்பாகிக் கெட்டிப்படும். கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏற்றுவதும் இதே கடுக்காயும் இரும்பும்தான். 'ரஸ்ட் கன்வெர்ட்டர்' என்று டப்பாவில் விற்கும் பலவற்றிலும் டானிக் அமிலம்தான் இருக்கிறது. அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. எனக்குப் பெயர் தெரியும், செய்யத் தெரியாது.

துரு போன பிறகுதான் ஓட்டை தெரிந்தது. டேங்கியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தபோது அடித்தகட்டில் ஊசிமுனை அளவு மூன்று இடத்தில் சூரியன் தெரிந்தது. இத்தனை வருடம் ஒழுகாமல் இருந்ததற்குக் காரணம், துருவே அந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்ததுதான்.

அன்று மாலை அண்ணன் வந்தான். ஓட்டையைக் காட்டியதும், "நான் அப்பவே சொன்னேன். சும்மா இருந்தத கெளறி ஓட்ட போட்டுட்டீங்க" என்றான். வீட்டில் வழக்கமாக எந்தப் பேச்சும் இந்த இடத்தில் முடிந்துவிடும். அம்மா முடிக்கவில்லை. "நாங்க போடல. அது இருந்துச்சு. இப்பத் தெரியுது" என்றாள். அவள் டேங்கியைப் பற்றித்தான் சொன்னாள். அண்ணன் கூட வந்தவர் வெல்டிங் வைத்துவிடலாம் என்றார். மெக்கானிக் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். டீசல் டேங்கி கழுவினாலும் மடிப்புகளில் எண்ணெய் தங்கியிருக்கும், சூடு பட்டால் ஆவியாகி வெடிக்கும், அப்படிப் போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். நீராவி விட்டு முழுதும் சுத்தம் செய்து ஒட்டத் தெரிந்த ரேடியேட்டர் பட்டறைக்குக் கொண்டுபோய் அடைத்து வந்தோம்.

அந்த இரண்டு நாள் காத்திருப்பில் அம்மாவுக்கு நான் பெர்த்தா பென்ஸின் கதையைச் சொன்னேன். வண்டி மூக்கில் இருந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் 'பென்ஸ்' அவள் குடும்பப் பெயர். கல்யாணத்துக்கு முன்பே தன் வரதட்சணைப் பணத்தைக் கார்ல் பென்ஸின் தொழிலில் போட்டவள். 1886இல் மோட்டார் வண்டிக்கான காப்புரிமை கணவர் பெயரில் வந்தது. வண்டியை வாங்க யாரும் முன்வரவில்லை. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் தாய் வீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அவள் அந்த வண்டியில் போனாள். எரிபொருள் தீர்ந்தபோது வழியில் ஒரு மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினாள். எரிபொருள் பைப் அடைத்தபோது தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சுத்தம் செய்தாள்.

"அவ நகையும் போச்சா?" என்று கேட்டாள் அம்மா.

"பணம் போட்டா. திரும்பி வந்துச்சு. கம்பெனி பெருசாச்சு."

"அவ பேரு?"

"வீட்டுக்காரர் பேருதான் எல்லா எடத்துலயும்."

"ஆங்" என்றாள், தெரிந்த ஊரைப் பற்றிக் கேட்டதுபோல.

டேங்கியை மாட்டி, புது ஃபில்டர் வைத்து, டீசல் நிரப்பினோம். பைப்பில் காற்று இருந்தால் வண்டி கிளம்பாது. ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்திவிட்டு, ஃபீடு பம்பின் கைப்பிடியை அடிக்க வேண்டும். நுரையாக வரும், பிறகு குமிழியாக வரும், பிறகு சுத்தமான டீசல் மட்டும் வரும்போது திருகை இறுக்கிவிட வேண்டும். அம்மாதான் அடித்தாள். "இப்ப குமிழி நிக்கிது, முடுக்கு முடுக்கு" என்று அவள் சொல்ல, திருகை நான் முடுக்கினேன்.

எஃப்.சி.யும் இன்ஷூரன்ஸும் முடிந்த வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது. வெள்ளிமலைக்குப் போக முடியாது என்று முன்பே சொல்லியிருந்தேன். மெக்கானிக் அண்ணன் புளியமரத்தடியிலிருந்து எங்கள் நிலத்துக் களம் வரை வரப்போரமாக ஓட்டினார். அரை கிலோமீட்டர் இருக்கும். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தாள். ஏறும்போது படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அந்தப் பழக்கம் போகவில்லை. நான் நடுவில் உட்கார்ந்தேன். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. களத்து மேட்டிலும் நிற்கவில்லை. அவள் திரும்பி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுவாரம் அண்ணன் மறுபடி தாளோடு வந்தான். அம்மா வாங்கிப் படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள்.

"கையெழுத்து போடுறேன். எனக்கு எட்டு பவுன் வந்துடணும்."

"என்னம்மா வெளையாடுறியா? எட்டு பவுனு இன்னிக்கு என்னா வெல? இரும்புக்கு அவன் குடுக்கிறதே அதுல பாதி வராது."

"அது எனக்குத் தெரியும். பேங்கு நோட்டீசு இன்னும் எங்கிட்ட இருக்குது. மொத என்னுது குடுங்க. மிச்சத்த மூணா பிரிங்க."

மிச்சம் ஒன்றும் இருக்காது என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. அண்ணன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். கோபமாகப் போனான் என்று சொல்ல முடியாது. நாற்பது வருடம் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு கணக்கை, யாரோ நிஜமாகவே கணக்காகப் போட்டதும் வரும் திகைப்பு அவன் முகத்தில் இருந்தது. என் முகத்திலும் இருந்திருக்கும். சட்டப் பிரிவு எல்லாம் தெரிந்த நானும் மூன்றில் ஒரு பங்கு என்றுதான் யோசித்தேன். எட்டு பவுன் என்று யோசிக்கவில்லை.

ஐம்பது வருடம் தாண்டிய கார்களுக்கும் பைக்குகளுக்கும் 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு எண் கொடுக்க 2021இல் விதி வந்தது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தவைக்கு மட்டும். லோடு அடித்த லாரிக்கு அந்த மரியாதை இல்லை. அதனால் எங்கள் வண்டி இப்போது சட்டப்படி எதுவும் இல்லை. புளியமரத்தடியில் நிற்கிறது. பேச்சுவார்த்தையும் நிற்கிறது. அண்ணன் அம்மாவுக்கு மாத்திரை வாங்கி வருகிறான், தாளைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருநாள் பேசுவோம்.

டேங்கியை நிரப்பியே வைக்க வேண்டும், அப்போதுதான் காற்றுக்கு இடம் இருக்காது, வியர்க்காது என்று மெக்கானிக் அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்தச் செலவு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஊருக்குப் போகும்போது அம்மா ஸ்பேனரோடு காத்திருப்பாள். அடி பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். போன வாரம் அரை ஸ்பூன் தண்ணீர் இருந்தது. துரு இல்லை.